விகிதத்தையும் படியுங்கள்: இளம் நிலவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளுக்கு,

ஜியாலஜி படித்து முடித்துக் கனிமத் தேடலுக்குப் போகிறவர்கள் நீங்கள். சிலர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையான ஜி.எஸ்.ஐ.யில் சேர்வீர்கள். சிலருக்கு மாநிலக் கனிமவளத் துறை, சிலருக்குத் தனியார் நிறுவனத்தின் துளையிடும் முகாம். எங்கே போனாலும், வேலையில் சேர்ந்த சில மாதங்களில் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை உங்கள் மேசைக்கு வரும். துளையிலிருந்து எடுத்த கோரை மீட்டர் மீட்டராக அறுத்து அனுப்பியதற்கான பதில் அது. செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அந்த அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லவே இந்த மடல்.

நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்கும் விதம் ஒன்றுதான். பெரிய எண் எங்கே என்று கண் தேடும். எட்டு சதவீதத் துத்தநாகம் என்றால் முகாமே கொண்டாடும். அரை சதவீதம் என்றால் அந்தத் துளை ‘ஃபெயில்’. அடுத்த துளையை நல்ல துளைக்குப் பக்கத்திலேயே போடுவோம், மோசமான துளையின் கோர்ப் பெட்டிகளைக் கொட்டகையின் மூலையில் அடுக்கிவிட்டு மறந்துவிடுவோம். இந்தப் பழக்கத்தை நீங்கள் மாற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். தரம் என்பது அந்த ஒரு மீட்டரில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உலோகங்களுக்கு இடையிலான விகிதம், அந்த மீட்டர் முழுப் படிவில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும். தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது இந்த இரண்டாவது தகவல். அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை.

ஏன் அப்படி? ஒரு தாது நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் விழுந்த வெடிப்பில் வெந்நீர்க் கரைசல் புகுந்து, குவார்ட்ஸையும் சல்ஃபைடுகளையும் படியவைத்துப் போயிருக்கிறது. வெடிப்பு அகலமாகத் திறந்த இடத்தில் சல்ஃபைடு குவிந்திருக்கும். இறுகிய இடத்தில் நூல் போல ஓடும். உங்கள் மாதிரியில் நரம்பு பாதி, வெறும் பக்கப் பாறை பாதி என்று விழுந்தால் எல்லாத் தரமும் பாதியாகிவிடும். 10 சதவீத ஈயம் 5 ஆகும்; 4 சதவீதத் துத்தநாகம் 2 ஆகும். ஆனால் ஈயத்தைத் துத்தநாகத்தால் வகுத்தால் முன்பும் 2.5, இப்போதும் 2.5. குழம்பில் தண்ணீர் கூடிவிட்டால் உப்பும் குறைகிறது, புளிப்பும் குறைகிறது. உப்புக்கும் புளிக்கும் போட்ட பங்கு மாறுவதில்லை. தரத்தைக் குலைக்கிற வெடிப்பின் அகலம், மாதிரி எடுத்த அளவு, கலந்த வெறும் பாறை ஆகிய எல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போகின்றன. எஞ்சி நிற்பது கரைசலின் வேதியியல்.

அந்த வேதியியலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உலோகங்கள் வெந்நீரில் தனியாக வருவதில்லை. குளோரைடோடும் கந்தக அயனிகளோடும் இணைந்துதான் பயணம் செய்கின்றன. சுமார் 350 டிகிரி செல்சியஸில் செம்பைத் தாராளமாகச் சுமக்கும் உப்புக் கரைசல், 250 டிகிரிக்கு இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதியைக் கீழே போட்டுவிடும். துத்தநாகமும் ஈயமும் அதைவிடக் குறைந்த வெப்பத்திலும் கரைந்தே செல்லும். ஆர்செனிக், ஆண்டிமனி, பாதரசம் ஆகியவை இன்னும் தொலைவு போகும். தங்கத்தின் வழி வேறு. அது பெரும்பாலும் கந்தகத்தோடு இணைந்து வருவதால், கரைசல் கொதித்து ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆவியாகப் பிரியும் மட்டத்தில் படிந்துவிடும். ஆகவே வெப்பம் புறப்பட்ட இடத்திலிருந்து வெளிநோக்கியும் மேல்நோக்கியும் போகப் போக உலோகங்களின் பங்கு படிப்படியாக மாறும். அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தால் கரைசல் வந்த வழியில் நாமும் திரும்ப நடக்கலாம்.

இந்த அறிவு முதலில் சுரங்கத்தின் அடியில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில் இருந்த டோல்கோத் சுரங்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் செம்புக்குப் பேர்போனது. அடுத்த நூற்றாண்டில் ஆழம் போகப் போகச் செம்பு தேய்ந்தது. இனி என்ன இருக்கிறது என்று பங்குதாரர்கள் தயங்கினார்கள். சுரங்கத் தலைவர் சார்லஸ் தாமஸ் இன்னும் கீழே போக வேண்டும் என்று உறுதியாக நின்றார். செம்புக்குக் கீழே வெள்ளீயம் கிடைத்தது. டோல்கோத் கார்ன்வாலின் மிகப் பெரிய வெள்ளீயச் சுரங்கமாக மாறியது. 1860களில் செம்பு விலை சரிந்து அக்கம்பக்கத்துச் சுரங்கங்கள் மூடப்பட்டபோதும் அது தொடர்ந்து நடந்தது. ஓர் உலோகம் தேய்வது படிவு முடிந்ததற்கு அடையாளம் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், இன்னொரு மண்டலத்துக்குள் நுழைகிறோம் என்று அதைப் படித்தவர் அவர்.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பியூட் என்ற சுரங்க வட்டாரத்துக்கு 1914இல் ரெனோ சேல்ஸ் என்ற நிலவியலாளர் இதையே படமாக வரைந்து காட்டினார். நடுவில் செம்பு, அதைச் சுற்றிச் செம்போடு துத்தநாகம், வெளி விளிம்பில் துத்தநாகம், மாங்கனீசு, வெள்ளி. யூட்டா மாநிலத்தின் பிங்காம் கேன்யனிலும் இதே அமைப்புதான். நடுவில் இன்று உலகம் அறிந்த பிரம்மாண்டமான செம்புக் குழி; அதைச் சுற்றி வளையமாக ஈயம், துத்தநாகம், வெள்ளி எடுத்த பழைய சுரங்கங்கள். ஒரு மலையில் சிறிய ஈய-வெள்ளிச் சுரங்கங்கள் மட்டும் வட்டமாகச் சிதறிக் கிடந்தால், அந்த வட்டத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கற்றுத்தந்தவை இந்த இடங்கள்.

படத்தை எண்ணாக மாற்றிய வேலையில் நான் உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது ஜூல்கானி. பெருவின் ஆண்டீஸ் மலையில், ஹுவான்காவெலிகா வட்டாரத்தில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது அது. சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறைகளுக்குள் நரம்பு நரம்பாக வெள்ளி, செம்பு, ஈயம், பிஸ்மத், தங்கம், டங்ஸ்டன். 1953இல் தொடங்கப்பட்ட புயேனவெந்தூரா நிறுவனத்தின் முதல் சுரங்கமும் இதுவே. இத்தனை உலோகங்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் எதை நோக்கிச் சுரங்கப் பாதையை நீட்டுவது?

பெருவில் பல காலம் பணியாற்றிய ஹார்வர்டு பேராசிரியர் உல்ரிக் பீட்டர்சனும் குடெல் என்ற ஆய்வாளரும் இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். அவர்களின் கட்டுரை 1974இல் எகனாமிக் ஜியாலஜி இதழில் வெளிவந்தது. சுரங்கத்தில் குவிந்திருந்த மாதிரி அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நரம்புக்கும் நீள்வெட்டுப் படம் வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் தரத்துக்குப் பதிலாக விகிதத்தை எழுதினார்கள். ஈயத்துக்கும் செம்புக்கும் என்ன பங்கு, வெள்ளிக்கும் தங்கத்துக்கும் என்ன பங்கு என்று போட்டு, ஒரே மதிப்புள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார்கள். தரப் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தவை விகிதப் படத்தில் ஒழுங்கான வளைவுகளாயின. தங்கமும் டங்ஸ்டனும் ஒரு மையத்தில். அதற்கு வெளியே செம்பும் பிஸ்மத்தும். அதற்கும் வெளியே வெள்ளியும் ஈயமும். கரைசல் எங்கே ஏறியது, எந்தப் பக்கம் பரவியது என்பது கோடுகளிலேயே தெரிந்தது.

அந்தக் கோடுகளைப் படிக்கும் முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் ஓடிய வழியில் விகிதம் மெதுவாக மாறும். ஓட்டத்துக்குக் குறுக்கே வேகமாக மாறும். அதனால் கோடுகள் ஓட்டத்தின் திசையில் நாக்கு போல நீளும். அந்த நாக்கின் அடி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் ஊற்று. நுனி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் கரைசல் போய்க்கொண்டிருந்தது. துளை போடாத இடத்தை நோக்கிக் கோடுகள் மூடாமல் திறந்தே நின்றால், படிவு இன்னும் முடியவில்லை என்று பொருள். அடுத்த துளைக்கு உரிய இடம் அது.

நரம்புகளுக்கு மட்டும்தான் இது என்று எண்ண வேண்டாம். 1979இல் ஆல்வின் என்ற நீர்மூழ்கிக் கலத்தில் கிழக்குப் பசிபிக் மேட்டுக்கு இறங்கியவர்கள், கடல் தரையிலிருந்து கரும்புகை போலப் பீறிடும் ஊற்றுகளைக் கண்டார்கள். வெப்பம் 350 டிகிரிக்கும் மேல். நிலவியலாளர்கள் பழம்பாறைகளில் படித்து ஊகித்தது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. இப்படி உருவாகும் சல்ஃபைடு மேட்டுக்குள் அடியிலிருந்து வரும் சுடுநீர், முன்பே படிந்த துத்தநாகத்தையும் ஈயத்தையும் கரைத்து வெளிப்பக்கம் தள்ளும். காலியான இடத்தில் செம்பை வைக்கும். அதனால் ஊற்றுவாய்க்கு நேர்மேலே செம்பின் பங்கு கூடும். ஓரங்களிலும் உச்சியிலும் துத்தநாகத்தின் பங்கு கூடும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நொராண்டா வட்டாரத்து மில்லென்பாக் போன்ற சுரங்கங்களில், செம்பு-துத்தநாக விகிதத்தை வரைந்து ஊற்றுக்குழாயின் இடத்தை அடையாளம் காண முடிந்தது. ஒரே குழாயின் மேல் அடுத்தடுத்த மட்டங்களில் தாது வில்லைகள் அமைவது உண்டு என்பதால், குழாயைக் கண்டவருக்கு அடுத்த வில்லையைத் தேடும் வழியும் தெரிந்துவிடும்.

விகிதம் இடத்தைச் சொல்வதோடு பிறப்பையும் சொல்லும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டேவிட் ஹஸ்டனும் ராஸ் லார்ஜும் செய்த ஆய்வு 1987இல் வந்தது. துத்தநாகத்தை, துத்தநாகமும் ஈயமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து 100 ஆல் பெருக்கினார்கள். கேம்பிரியன் காலத்துக் கடலடி எரிமலைப் படிவுகளில் இந்த எண் ஒரு குறுகிய வரம்புக்குள் நின்றது. அதே தீவில் டெவோனியன் காலத்துக் கிரானைட்டுகளோடு வந்த நரம்புகளில் அது அகலமாகச் சிதறியது. ஒரு புதிய இடத்தில் ஈயமும் துத்தநாகமும் தென்படும்போது, இது பெரிய படிவின் விளிம்பா, பிற்காலத்துச் சிறு நரம்பா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய கருவி கிடைத்தது. மலிவான வகுத்தல் கணக்கு, விலை உயர்ந்த துளைகளுக்கு வழிகாட்டியது.

சோவியத் நிலவேதியியலாளர்கள் இதை இன்னொரு பக்கம் கொண்டுபோனார்கள். தாதுவைச் சுற்றிப் பாறையில் பரவியிருக்கும் மெல்லிய உலோகச் சாயலை எஸ்.வி. கிரிகோரியனும் அவர் தோழர்களும் வரிசைப்படுத்தினார்கள். ஆர்செனிக், ஆண்டிமனி, பாதரசம், பேரியம் போன்றவை தாதுவுக்கு மேலே தலைகாட்டும். மாலிப்டினம், டங்ஸ்டன், கோபால்ட், பிஸ்மத் போன்றவை தாதுவின் அடியில் மிஞ்சும். மேலே வருபவற்றின் அளவுகளைப் பெருக்கி, கீழே நிற்பவற்றின் பெருக்கத்தால் வகுத்தார்கள். எண் பெரிதாக வந்தால் தாது இன்னும் கீழே ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. சிறிதாக வந்தால் தாது இருந்த மட்டத்தை மழையும் காற்றும் ஏற்கெனவே அரித்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படியானால் நாம் வேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு இடங்களிலும் மேற்பரப்பில் தரம் ஒன்றுபோலவே குறைவாக இருக்கும். ஒன்றைத் துளைக்க வேண்டும், மற்றொன்றை விட்டு வர வேண்டும். எது எதுவென்று தரம் ஒருநாளும் சொல்லாது.

இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காக மூன்று துளைகளை அமைக்கிறேன். மேற்கிலிருந்து கிழக்காக, 100 மீட்டருக்கு ஒன்று. முதல் துளையில் துத்தநாகம் 8 சதவீதம், செம்பு 0.2. இரண்டாவதில் துத்தநாகம் 0.6, செம்பு 0.1. மூன்றாவதில் துத்தநாகம் 0.1, செம்பு 0.05. தரத்தை மட்டும் பார்ப்பவர் முதல் துளையைச் சுற்றியே நின்றுவிடுவார். மூன்றாவது அவருக்கு வெற்றுத் துளை. இப்போது செம்பை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த தொகையால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். முதல் துளையில் 2, இரண்டாவதில் 14, மூன்றாவதில் 33. தரம் சரியச் சரிய, செம்பின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. கரைசல் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம். மூன்றாவது துளை, வெடிப்பு இறுகிய இடத்தில் விழுந்திருக்கலாம். உடனே ரிக்கைக் கிழக்கே நகர்த்தச் சொல்லவில்லை. மூன்றாவது துளையின் கோரை மறுபடி எடுத்துக் குளோரைட் மாற்றம் கூடுகிறதா, சால்கோபைரைட் இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவையும் ஒத்துப்போனால், நீங்கள் ‘ஃபெயில்’ என்று எழுதவிருந்த துளைதான் உங்கள் மிக நல்ல வழிகாட்டி.

இனி எச்சரிக்கைகள். விகிதத்தை நம்பச் சொல்கிறவன் என்பதால், அது எங்கே பொய் சொல்லும் என்பதையும் நானே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் எதிரி மேற்பரப்பு. சல்ஃபைடு மழைநீரிலும் காற்றிலும் அழுகும்போது துத்தநாகம் எளிதில் கரைந்து போய்விடும்; ஈயமோ கரையாத சல்ஃபேட்டாகவும் கார்பனேட்டாகவும் அங்கேயே தங்கும். துருப்பிடித்த கோசானில் ஈயம் மிகுந்து தெரிவதால் அடியிலும் ஈயம்தான் மிகுதி என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். செம்பு இன்னும் விளையாட்டுக் காட்டும். மேலிருந்து கரைந்து நிலத்தடி நீர்மட்டத்தின் அருகே மறுபடி படிந்து செறியும். பியூட்டின் அனகோண்டா சுரங்கத்தை மார்கஸ் டேலி என்பவர் 1880இல் வாங்கியது வெள்ளிச் சுரங்கமாகத்தான். செம்பு கரைந்துபோன மேல்பகுதியைக் கடந்து கீழே போனபோதுதான் செறிவான செம்பு கிடைத்தது. ஆகவே புதிய, அழுகாத சல்ஃபைடு மாதிரியின் விகிதத்தையும் மேற்பரப்பு மாதிரியின் விகிதத்தையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக வந்த கரைசல்கள். ஒரே நரம்பில் முதலில் செம்பும், வெப்பம் தணிந்து வேறொரு காலத்தில் ஈயமும் படிந்திருந்தால், நீங்கள் போடும் வகுத்தல் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளின் கலவை. அது எந்த ஊற்றையும் காட்டாது. கோரைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எந்தக் கனிமம் எதை வெட்டிப் போகிறது, எது எதன்மேல் படிந்திருக்கிறது என்று எழுதிவையுங்கள். எக்செல் தாள் அந்தப் பார்வைக்கு மாற்றாகாது.

மூன்றாவது, சாய்ந்த நிலம். அரிசோனாவின் சான் மானுவெல் செம்புப் படிவு ஒரு பிளவால் துண்டாகியிருந்தது. டேவிட் லோவெல் என்ற நிலவியலாளர், அதன் மாற்ற மண்டலங்கள் அமைந்த விதத்தைப் படித்து, மொத்த அமைப்பும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது என்று உணர்ந்தார். நழுவிப்போன மறுபாதியான கலமசூவை 1965இல் துளையிட்டுக் கண்டுபிடித்தார். அவர் படித்தது உலோக விகிதத்தை அல்ல, பாறை மாறிய விதத்தை. பாடம் நமக்கும் பொருந்தும். விகிதக் கோடுகள் மேல்நோக்கிப் போகின்றன என்று சொல்வதற்கு முன், தாது பிறந்த அன்று எது மேல் என்று கேளுங்கள். அடுக்குகள் மடிந்த இடத்திலும், உயர் வெப்பத்தில் உருமாறிய பாறைகளிலும் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

நான்காவது, கணக்கு. ஆய்வகத்தின் கண்டறியும் எல்லைக்கு ஒட்டி நிற்கும் எண்களை வகுக்காதீர்கள். சிறு பிழை பெரிய விகிதமாகப் பூதாகரமாகும். பல மீட்டர்களுக்குச் சேர்த்து ஒரு விகிதம் வேண்டுமானால் விகிதங்களின் சராசரியை எடுக்காதீர்கள். ஒவ்வோர் உலோகத்துக்கும் தரத்தை நீளத்தால் பெருக்கிக் கூட்டி, கடைசியில் ஒரே ஒருமுறை வகுங்கள். இரண்டு விகிதங்களுக்கும் வகுக்கும் எண் ஒன்றேயாக இருந்தால், இல்லாத உறவு இருப்பதுபோலத் தோன்றும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்தார். சதவீதங்களைக் கையாளும்போது லாகரிதம் எடுத்த விகிதமே பத்திரம் என்பதை ஜான் எய்ட்சிசன் 1986இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். இதையெல்லாம் படிக்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். பிறகு வேலைக்காலம் முழுதும் கைகொடுக்கும்.

நம் பக்கத்திலேயே இந்தப் பாடத்துக்கு இடம் இருக்கிறது. ஆந்திராவின் அக்னிகுண்டலாவுக்குப் போங்கள். கடப்பைப் படுகையின் பாறைகளில் பண்டலமோட்டு ஈயத்துக்கும், நல்லகொண்டா செம்புக்கும், துக்கொண்டா செம்பும் ஈயமும் கலந்த தாதுவுக்கும் பெயர்பெற்றவை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஏன் இந்த வேறுபாடு என்று ஒரு மாணவர் குழு விகிதப் படம் போட்டுப் பார்க்கலாம். ராஜஸ்தானில் 1977இல் கண்டறியப்பட்ட ராம்புரா அகுச்சாவில் துத்தநாகம் ஈயத்தைவிடப் பல மடங்கு மிகுதி. ஜாவரில் அந்த இடைவெளி அவ்வளவு இல்லை. தமிழ்நாட்டில் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் செம்பும் ஈயமும் துத்தநாகமும் உயர் வெப்பத்தில் உருமாறிய பாறைக்குள் இருக்கின்றன; மூன்றாவது எச்சரிக்கையை நேரில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் நமக்கு அருகில் இல்லை.

தரவுக்கும் இன்று பஞ்சமில்லை. ஜி.எஸ்.ஐ. ஆண்டுக்கணக்கில் நாடு முழுதும் ஓடைப் படிவுகளை அள்ளி வேதியியல் வரைபடம் போட்டு வருகிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் அந்த அளவுகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஓடை மணலில் வெறும் மண் கலந்து தரம் நீர்த்துப் போவதால், அங்கேயும் விகிதம் உதவும். அதே 2023இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம், வெள்ளி உட்பட 29 கனிமங்களுக்குத் தேடுவதற்கென்றே தனி உரிமம் வந்திருக்கிறது. ஆழத்தில் ஒளிந்திருக்கும் படிவுகளை இனி அதிகமாகத் தேடுவார்கள். ஆழத்தில் இருப்பதைத் தேட மேலே தெரியும் தரம் போதாது.

இதில் எனக்கு அக்கறை வருவதற்கு அறிவியலைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. நாம் துளைக்கும் நிலம் யாரோ ஒருவரின் வயல், ஊர்ப் பொது மேய்ச்சல், குளத்துக்கு நீர் வரும் வழி. மதுரைக்கு அருகில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க 2024இல் ஏலம் விட்டபோது மக்கள் திரண்டு எழுந்ததையும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிலத்தைத் தொடும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டிய காலம் இது. கையில் இருக்கும் எண்களை முழுதாகப் படிக்காமல் இன்னும் பத்துத் துளை கேட்பது, பொதுப் பணத்துக்கும் நிலத்துக்கும் செய்யும் அநீதி. எங்கே துளைக்க வேண்டும் என்று சொல்வதைப்போலவே, எங்கே துளைக்க வேண்டாம் என்று காரணத்தோடு சொல்வதும் நிலவியலாளரின் பொறுப்பு. அதற்கு விகிதம் துணை நிற்கும்.

ஆகவே சில காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது, தேடும் உலோகத்தை மட்டும் அளக்கச் சொல்லாதீர்கள். பல தனிமங்களையும் அளக்கச் சொல்லுங்கள். வழிகாட்டும் ஆர்செனிக்கும் பிஸ்மத்தும் சிறிது கூடுதல் செலவில் வந்துவிடும், துளையைத் திரும்பப் போட முடியாது. தரப் படம் போடும் நாளிலேயே விகிதப் படத்தையும் போடுங்கள். இரண்டையும் கோர்ப் பெட்டியின் பக்கத்தில் விரித்துவைத்து, கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய அறிக்கைகளைத் தேடி எடுங்கள். பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ கைவிட்ட துளைகளின் எண்கள் அலமாரிகளில் இன்னும் படிக்கப்படாமல் கிடக்கின்றன. உங்கள் மூத்தவர்கள் தரத்தை மட்டும் கேட்டால், மரியாதையோடு விகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு நல்ல படத்தை எந்த மூத்தவரும் தள்ளமாட்டார்.

ஒரு துளையைத் தோல்வி என்று எழுதும் முன் அதன் விகிதங்களைப் போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்த்த பிறகும் அது வெற்றுத் துளைதான் என்று தெரிந்தால், தயங்காமல் அப்படியே எழுதி, அந்த நிலத்தை அதற்கு உரியவர்களிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இந்தத் தொழிலுக்கு வந்த ஒருவன்